வயரிங் செய்ய வருபவரிடம் பர்மிட் கேளுங்கள்: பெங்களூரு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் நம் ஆட்கள் புதுவீடு கட்டினாலும் பழைய வீட்டைப் புதுப்பித்தாலும், கரண்ட் வேலைக்கு ஆள் பிடிக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மேஸ்திரிக்குத் தெரிந்த பையன், இல்லையென்றால் ஊர்க்காரப் பையன். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து இங்கே தொழில் செய்கிறவர்களில் அருமையான கைவேலைக்காரர்கள் நிறையப் பேர். அவர்களோடுதான் நான் தினமும் வேலை செய்கிறேன், அதனால் அவர்கள் திறமை பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. என் கவலை வேறு. "தம்பி, பர்மிட் இருக்கா? யார் லைசென்ஸ்ல இந்த வேலை நடக்குது?" என்று கேட்கிற வீட்டுக்காரரைப் பார்ப்பது அபூர்வமாக இருக்கிறது.

நான் அல்சூரில் வளர்ந்தவள். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, கர்நாடக அரசின் மின் ஆய்வுத் துறை தரும் சூப்பர்வைசர் பர்மிட் வைத்திருக்கிறேன். லிங்கராஜபுரத்தில் ஒரு லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டரிடம் வேலை. பெரும்பாலும் வீட்டு வயரிங்தான். வீட்டுக்காரர் என்ன கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும், எந்தக் காகிதத்தை வாங்கி வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வயரிங் கற்றுக்கொடுப்பது நோக்கம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இது புது விதி இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதியாக இருந்ததுதான். மின்சாரச் சட்டம் 2003 வந்த பிறகு, மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இடம்பெற்றது. இப்போது அவற்றுக்குப் பதிலாக வந்திருப்பவை 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். சாரம் மாறவில்லை: வீட்டில் புதிதாக வயரிங் செய்தாலும், இருப்பதோடு சேர்த்தாலும், மாற்றினாலும், பழுது பார்த்தாலும், அந்த வேலை மாநில அரசு லைசென்ஸ் கொடுத்த கான்ட்ராக்டர் மூலம் நடக்க வேண்டும். தகுதிச் சான்று வைத்திருக்கும் ஒருவர் நேரடியாக மேற்பார்வை செய்ய வேண்டும். கைவைத்துச் செய்பவரிடம் மாநில அரசு கொடுத்த அல்லது அங்கீகரித்த பர்மிட் இருக்க வேண்டும்.

ஆக மூன்று தகுதி: கான்ட்ராக்டர், சூப்பர்வைசர், வயர்மேன். சின்ன வேலையில் இரண்டு தகுதி ஒரே ஆளிடம் இருக்கலாம். ஆனால் மூன்றில் ஒன்று இல்லாமல் வேலை நடக்கக் கூடாது.

இதில் விலக்கும் உண்டு. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள், ஃபிட்டிங்குகள் ஆகியவற்றைக் கழற்றி அதே மாதிரி வேறொன்று மாட்டுவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அந்த மாற்றத்தால் வயரிங்கின் திறனோ தன்மையோ துளியும் மாறக் கூடாது. வீட்டுக்காரர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த நிபந்தனையைத்தான். நடைமுறையில் கோளாறு எல்லாம் இந்த எல்லைக்கோட்டில்தான் நடக்கிறது.

ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றுவிட்டது, அதே கொக்கியில் வேறு ஃபேன் மாட்டுகிறீர்கள். சரி, தாராளமாகச் செய்யலாம், மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். படுக்கையறையில் இல்லாத இடத்தில் புதிதாக ஃபேன் பாயிண்ட் எடுப்பது அப்படி இல்லை. உடைந்த சுவிட்சுக்குப் பதில் அதே ஆம்பியரில் புது சுவிட்ச் போடலாம். ஆனால் 6 ஆம்பியர் சாக்கெட் இருந்த இடத்தில் 16 ஆம்பியர் சாக்கெட் போட்டால் அது 'மாற்றிப் போடுவது' என்ற கணக்கில் வராது. அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் வருகிற வயர் ஒன்றோ ஒன்றரை ஸ்கொயரோதான் (வயரின் கனம், சதுர மில்லிமீட்டரில்) இருக்கும். அதுவும் லைட், ஃபேனுக்கெல்லாம் லூப் போய்க்கொண்டிருக்கிற வயர்.

இங்கே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெங்களூரு வாடகை வீடுகளில் நான் பார்க்கிற எரிந்த போர்டுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். பாத்ரூமுக்கு கீசர் வாங்குகிறார்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். தனி லைன் இழுக்க சுவரை வெட்ட வேண்டும், ஓனர் சம்மதிக்க மாட்டார். அதனால் பக்கத்து அறையின் 6 ஆம்பியர் பாயிண்டைக் கழற்றி 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டுகிறார்கள். முதல் நாளே எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகவே துண்டிக்கிற சுவிட்ச்) விழுகிறது, ஏனென்றால் அது 10 ஆம்பியர், தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மறுபடி ஆளைக் கூப்பிட்டால், "எம்சிபி வீக்" என்று சொல்லி 20 ஆம்பியர் எம்சிபி போட்டுவிட்டுப் போகிறார். இனிமேல் அது விழாது. சுவருக்குள் வயர் சூடாகி, அதன் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாக உருகிக்கொண்டே இருக்கும். வயரைக் காப்பாற்றத்தான் எம்சிபி. அதன் ஆம்பியரைக் கூட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும், "வயர் எத்தனை ஸ்கொயர்?" என்று முதலில் கேளுங்கள். கீசருக்கும் ஏசிக்கும் மெயின் டிபியிலிருந்து (எம்சிபிக்களெல்லாம் இருக்கிற பெட்டி) தனியாக வயர் வர வேண்டும். நாங்கள் வழக்கமாக 4 ஸ்கொயர் இழுத்து, அதற்கென்று தனி எம்சிபி வைக்கிறோம்.

இன்வெர்ட்டர் இணைப்பது, எலக்ட்ரிக் வண்டிக்குப் பார்க்கிங்கில் சார்ஜிங் பாயிண்ட் எடுப்பது, டிபியில் புது சர்க்யூட் சேர்ப்பது எல்லாமே பர்மிட் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. வண்டிக்கடையோ இன்வெர்ட்டர் கடையோ "எங்க ஆளே வந்து மாட்டிக் கொடுப்பாரு" என்று சொன்னாலும், அந்த ஆளிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

எந்தக் காகிதம், எந்தக் கார்டு

கர்நாடகத்தில் லைசென்ஸும் பர்மிட்டும் கொடுப்பது மாநில அரசின் மின் ஆய்வுத் துறை. கன்னடத்தில் வித்யுத் பரிவீக்ஷணாலய என்பார்கள். இது பெஸ்காம் இல்லை. பெஸ்காம் கரண்ட் கொடுக்கிற கம்பெனி. பெஸ்காம் லைன்மேனைத் தெரியும் என்பதாலோ, பெஸ்காமுக்கு ஒப்பந்த வேலை செய்கிறவர் என்பதாலோ ஒருவருக்கு உங்கள் வீட்டில் வயரிங் செய்யும் தகுதி வந்துவிடாது.

ஐடிஐ சான்றிதழையும் பர்மிட்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டும் 2 ஆண்டுப் படிப்பு. நல்ல படிப்புதான். ஆனால் அது படித்ததற்குச் சான்று, அவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூல் போய் வந்த சான்றிதழைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது, லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும் இல்லையா, அதே மாதிரிதான். திறன் பயிற்சித் திட்டங்களில் கொடுக்கும் குறுகிய காலச் சான்றிதழுக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சிலரிடம் அங்குள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் இருக்கும். சூப்பர்வைசருக்கு 'சி', வயர்மேனுக்கு 'பி', உதவியாளருக்கு 'எச்' என்று அங்கே பிரித்திருக்கிறார்கள். 'பி' வைத்திருப்பவர் முறையாகத் தகுதி பெற்றவர், அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் வேலை நடப்பது கர்நாடகத்தில். விதி கேட்பது மாநில அரசு கொடுத்த அல்லது அங்கீகரித்த பர்மிட்டை. அதனால் அந்தத் தம்பி இங்கே அங்கீகாரம் வாங்கியிருக்கிறாரா, எந்த கர்நாடக கான்ட்ராக்டரின் கீழ் வேலை செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'எச்' வைத்திருப்பவர் உதவியாளர். அவர் தனியாக வந்து வீட்டை ஒப்புக்கொள்ளக் கூடாது.

கார்டை வாங்கிப் பார்க்கும்போது புகைப்படமும் பெயரும் எதிரில் நிற்கிறவருடையதுதானா, செல்லுபடித் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். தேதி முடிந்த கார்டுகள் நிறையச் சுற்றுகின்றன. புதுப்பிக்க அலைய வேண்டுமே என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். கார்டில் இருப்பது கன்னடமாக இருந்து படிக்கத் தெரியவில்லையென்றால், போனில் படம் எடுத்து, பக்கத்து வீட்டில் கன்னடம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அப்புறம் கான்ட்ராக்டரின் லைசென்ஸ் நம்பரைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான லைசென்ஸ் வைத்திருப்பவர் தயங்கவே மாட்டார். அவருடைய லெட்டர் பேடிலேயே அது அச்சாகி இருக்கும்.

நம் வீடுகளில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஊர்க்காரப் பையனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று. காக்ஸ் டவுனில் ஒரு பெரியம்மா கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. காபியைக் கொடுத்துவிட்டு, "கண்ணு, நாளைக்கு பெஸ்காம்ல காம்ப்ளீஷன் ரிப்போர்ட் கேப்பாங்களாமே, யாரு கையெழுத்துப் போடுவாங்க? அவங்க பேரும் நம்பரும் எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். பையனுக்கு வருத்தமும் இல்லை, கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. நீங்களும் அப்படியே கேட்கலாம்.

கையெழுத்து மட்டும் போடுகிற வழக்கம்

இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். வேலையை ஒருவர் செய்வார். லைசென்ஸ் வேறொருவருடையது. கடைசி நாளில் பணம் வாங்கிக்கொண்டு, வீட்டை ஒருமுறைகூடப் பார்க்காமல், வேலை முடிந்ததற்கான காம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுப்பார். பெஸ்காமுக்குக் காகிதம் போய்விடும், மீட்டரும் வந்துவிடும். ஆனால் மேற்பார்வை நடக்கவே இல்லை. அந்த ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிற மெக்கர் ரீடிங் (வயர் இன்சுலேஷனை அளந்த கணக்கு) யாரும் எடுக்காத ரீடிங்.

இதனால் கைவேலைக்காரருக்கும் கெடுதல்தான். பிரச்சினை வந்தால் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, அவர் செய்த நல்ல வேலைக்கும் சான்று இருக்காது. மின்விபத்தில் உயிர் போனால், மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆவது பிரிவுப்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும், விசாரணை நடக்கும். வேலையைச் செய்தது யார், யாருடைய மேற்பார்வையில் என்ற கேள்வி அங்கே கட்டாயம் வரும். அப்போது வீட்டுக்காரர் கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

அதனால் பேரம் பேசும்போதே, சூப்பர்வைசர் குறைந்தது மூன்று தடவை வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்: பைப் போட்டுச் சுவர் பூசுவதற்கு முன்னால் ஒரு தடவை, வயர் இழுத்து முடிந்ததும் ஒரு தடவை, டெஸ்டிங் அன்று ஒரு தடவை. கடைசித் தவணைப் பணத்தை டெஸ்டிங் முடிந்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் கணக்கில் பேரம் பேசுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று அடிமாட்டு விலைக்கு இறக்கினால், குறைகிற காசு கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்துதான் போகும். அந்த இடம் பெரும்பாலும் எர்த் வயர், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற வயர். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, எர்த் இல்லையென்று யாருக்குத் தெரியப்போகிறது? பேரம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் எர்த் உண்டு என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு பேசுங்கள்.

சாமான் வாங்கும்போது

எஸ்.பி. ரோடு, சிக்பேட்டை எங்கே வாங்கினாலும் வயரின் மேல் அச்சைப் படியுங்கள். கம்பெனி பெயர், ஸ்கொயர், 1100 வோல்ட், ஐ.எஸ். 694 என்ற எண், ஐஎஸ்ஐ முத்திரை, சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். அந்த நம்பரை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம். சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293, சுவிட்சுக்கு ஐ.எஸ். 3854. கரண்ட் வருகிற பேஸுக்கு சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. "பச்சை தீர்ந்துபோச்சு, கறுப்பையே எர்த்துக்கு இழுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் வேலையை நிறுத்தி, பச்சை வாங்கி வரச் சொல்லுங்கள். நாளைக்கு வேறொருவர் அந்த போர்டைத் திறப்பார்.

சுவர் பூசுவதற்கு முன் பைப் போகிற பாதையை ஒவ்வொரு சுவராகப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் கிச்சன் கேபினெட் போட ட்ரில் பண்ணும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

எர்த்தும் நியூட்ரலும் சேர்த்துக் கட்டிய போர்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஶ்ரீராம்புரத்தில் ஒரு பழைய வீடு. மர ரீப்பரில் இழுத்த பழைய வயரிங், பீங்கான் ஃப்யூஸ் கட்டை. அதன் மேல் சமீபத்தில் கிச்சனில் மட்டும் புது போர்டு போட்டிருந்தார்கள். ஃப்ரிட்ஜைத் தொட்டால் லேசாக 'சுர்' என்கிறது என்று அந்த அம்மா சொன்னார். மெயினை அணைத்து, போர்டின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி முன்னால் இழுத்தேன். மூன்று பின் சாக்கெட்டில் மேலே இருக்கிற பெரிய ஓட்டைதான் எர்த். அதன் பின்பக்க ஸ்க்ரூவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சை வயர் இருந்தது. அது எர்த் பைப்பிலிருந்து வரவில்லை. அதே சாக்கெட்டின் நியூட்ரல் ஸ்க்ரூவிலிருந்து வளைத்து எடுத்து எர்த்தில் முறுக்கி வைத்திருந்தார்கள். வெளியே சாக்கெட் புத்தம் புதிது, உள்ளே எர்த் என்பதே கிடையாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? டெஸ்ட் லாம்பை பேஸிலும் எர்த்திலும் வைத்துக் காட்டினால் பல்பு பிரகாசமாக எரியும். வீட்டுக்காரருக்குத் திருப்தி. ஆனால் அது நியூட்ரல் வழியாக எரிகிறது. எர்த் இருப்பதாக நம்ப வைக்கிற வேலை இது. இனி எங்காவது மேலே நியூட்ரல் வயர் லூஸானாலோ அறுந்தாலோ என்ன ஆகும்? ஃப்ரிட்ஜுக்குள் போன பேஸ், மோட்டார் வழியாக நியூட்ரலுக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அந்தச் சுண்டுவிரல் நீள வயர் வழியாக ஃப்ரிட்ஜின் பாடிக்கு வந்து நிற்கும். 230 வோல்ட். தொடுகிற ஆள்தான் எர்த்.

இதைக் கண்டுபிடிக்கும் நல்ல வழி ஆர்சிசிபி. பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் அது சட்டென்று துண்டித்துவிடும். வீட்டுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எம்சிபி ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. 6 ஆம்பியர் எம்சிபி என்பதே 30 மில்லி ஆம்பியரைப் போல 200 மடங்கு. அதற்குள் ஆள் போய்விடுவார். எர்த் உண்மையாகவே மண்ணுக்குப் போகிற வீட்டில் ஆர்சிசிபி வைத்து, எங்கோ ஒரு போர்டில் இப்படி நியூட்ரலை எர்த்தோடு கட்டியிருந்தால், லோடு போட்டவுடன் அது விழும். அப்போதுதான் "ஆர்சிசிபி கம்ப்ளைண்ட், எடுத்துடலாம்" என்ற பேச்சு வருகிறது. எடுக்க விடாதீர்கள். விழுகிறது என்றால் வீட்டில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து, நியூட்ரலைக் கழற்றி, எர்த்தோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் மனமுவந்து கொடுங்கள்.

டிபியில் ஆர்சிசிபியைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். வயரைச் சுற்றிவிட்டு, வெறும் அலங்காரத்துக்கு அது நிற்கிற டிபிக்களும் உண்டு. கரண்ட் இருக்கும்போது 'டி' என்று எழுதிய பட்டனை அழுத்துங்கள். உடனே விழுந்து, அதன் கீழ் உள்ள லைட்டெல்லாம் அணைய வேண்டும். விழவில்லையென்றாலும், விழுந்தும் லைட் எரிந்துகொண்டே இருந்தாலும், அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். மாதம் ஒரு தடவை இதை அழுத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் நல்லது.

டெஸ்டிங் அன்று கூடவே நில்லுங்கள்

மெக்கர் என்பது வயரின் இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிற கருவி. மெயினை அணைத்து, சாதனங்களையும் பல்புகளையும் கழற்றி, சுவிட்சுகளை ஆன் செய்து, 500 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். எல்இடி பல்பு மாட்டியிருந்தால் ரீடிங் தப்பாக வரும், பல்பும் கெட்டுப் போகலாம். பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. புது வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வர வேண்டும். 1-ஐ ஒட்டி வந்தால் எங்கோ ஆணி குத்தியிருக்கிறது, அல்லது பைப்பில் தண்ணீர் நிற்கிறது. மொட்டை மாடி வழியாக வருகிற பைப்புகளில் ஜூலை, ஆகஸ்ட் மழையில் இது சாதாரணமாக நடக்கும்.

"மெக்கர் எடுத்துட்டு வரலை, டெஸ்டரே போதும்" என்றால், கான்ட்ராக்டருக்குப் போன் போடுங்கள். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் மெக்கரும் எர்த் டெஸ்டரும் இருந்தாக வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டர் பேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எர்த் இருக்கிறதா, இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டினாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. மீட்டர் இழுக்கிற கரண்ட் மிகக் குறைவு, பலவீனமான எர்த்தில்கூட முழு வோல்டேஜ் காட்டும். எர்த் டெஸ்டர் வைத்து எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸை அளப்பதுதான் சரியான வழி. பெங்களூரு மண் செம்மண், கீழே பாறை. கோடையில் காய்ந்துவிட்டால் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். பல வீடுகளில் எர்த் குழியின் மேல் கார் பார்க்கிங் டைல்ஸ் ஒட்டி, தண்ணீர் ஊற்றவோ அளக்கவோ வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள். டைல்ஸ்காரர் வருவதற்கு முன்பே குழிக்கு மூடி போட்ட சேம்பர் கட்டச் சொல்லிவிடுங்கள்.

நான் மேற்பார்வை செய்கிற வீடுகளில், ரீடிங்கைச் சொல்லச் சொல்ல வீட்டுக்காரரையே எழுதச் சொல்கிறேன். சர்க்யூட் பெயர், எம்சிபி எத்தனை ஆம்பியர், வயர் எத்தனை ஸ்கொயர், மெக்கர் ரீடிங், தேதி. அந்தத் தாளின் ஒரு நகலை டிபி கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுகிறோம்.

பெஸ்காம் சம்பந்தப்பட்டவை

புது இணைப்புக்கும் லோடு கூட்டுவதற்கும் லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டரின் காம்ப்ளீஷன் ரிப்போர்ட் வேண்டும். அதன் நகலை ஆர்ஆர் நம்பர் (பில்லில் இருக்கிற உங்கள் இணைப்பு எண்) எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பில்லில் சாங்ஷன் லோடு, அதாவது உங்கள் வீட்டுக்கு அனுமதித்த அளவு, எத்தனை கிலோவாட் என்று இருக்கும். ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு, வண்டி சார்ஜர் என்று சேர்த்துக்கொண்டே போனால், லோடு கூட்ட விண்ணப்பிக்க வேண்டும். மீட்டர் சீலை பெஸ்காம் ஆள் தவிர யாரும் தொடக் கூடாது. உங்கள் வயர்மேன் "சீலைக் கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு செஞ்சிடறேன்" என்றாலும் விடாதீர்கள். மீட்டர் பக்கம் தீப்பொறியோ கருகல் வாசனையோ வந்தால் 1912-க்குப் போன் செய்யுங்கள்.

15 மீட்டருக்கு மேல் உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மின் ஆய்வாளரின் ஆய்வும் அனுமதியும் தனியாக உண்டு. ஃப்ளாட் வாங்குகிறவர்கள் அந்தக் காகிதத்தைப் பில்டரிடமோ அசோசியேஷனிடமோ கேட்டுப் பாருங்கள். ஆனால் அது உங்கள் ஃப்ளாட்டுக்குள் நீங்கள் பின்னால் செய்கிற மாற்றத்துக்குச் சேராது.

வாடகைக்கு இருப்பவர்கள் வயரிங்கில் கைவைக்க ஓனர் சம்மதம் வேண்டும். ஓனர் மறுத்தால், குறைந்தபட்சம் ஆர்சிசிபி பட்டனை அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஓனருக்கு எழுதிவிடுங்கள். எழுத்தில் கேட்டால் பெரும்பாலான ஓனர்கள் செய்து தருகிறார்கள்.

வயர்மேன் தம்பிகளுக்கு

இதைப் படிக்கிறவர்களில் தொழில் செய்கிறவர்களும் இருப்பீர்கள். கார்டு கேளுங்கள் என்று வீட்டுக்காரர்களுக்கு எழுதுவது உங்கள் பிழைப்பைக் கெடுக்க இல்லை. கார்டு இருந்தால் வேறொருவர் பெயரில் வேலை செய்ய வேண்டியதில்லை, கூலியும் உங்கள் பெயருக்கு வரும். ஐடிஐ முடித்தவர்கள் மூலச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். ஊரில் அம்மா பெட்டியில் இருக்கிறது என்றால் அடுத்த தடவை போகும்போது எடுத்து வாருங்கள். தமிழ்நாட்டு 'பி' சான்றிதழ் இருந்தால் அதைப் புதுப்பித்து உயிரோடு வைத்துக்கொண்டு, இங்கே அங்கீகாரத்துக்கு என்ன வேண்டும் என்று மின் ஆய்வுத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இடையில் ஏஜென்ட் வேண்டாம். படிவம் கன்னடத்தில் இருந்தால் உங்கள் கான்ட்ராக்டரிடமோ என்னைப் போன்ற சூப்பர்வைசரிடமோ காட்டி நிரப்பிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்க மாட்டோம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், அனுபவச் சான்று. விண்ணப்பத்தில் அனுபவம் கேட்கும்போது, நான்கு வருடத்துக்கு முன் வேலை பார்த்த கான்ட்ராக்டரைத் தேடிப் போனால் அவர் கடையை மூடியிருப்பார், நம்பரையும் மாற்றியிருப்பார். அதனால் ஒவ்வொரு வீடு முடியும்போதும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்: கான்ட்ராக்டர் பெயர், அவர் லைசென்ஸ் நம்பர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை, கையெழுத்து, சீல். அரைப் பக்கம் போதும். அதைப் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பி வையுங்கள்.